இரவல் காரின் றேடியோ

"உந்த றேடியோவை ஏன்டா கழட்டினனீ?" என்று செல்வமலர் கேட்டபோது, காருக்குள் தலையை விட்டிருந்த றெக்ஸ் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.

"அக்கா, பழைய றேடியோ பாடேல்லை. கிர்ர் எண்டு இரைஞ்சுகொண்டு கிடந்துது. பொம்பிளை போய் இறங்கேக்கை காருக்குள்ள நாதஸ்வரம் கேக்கவேணும் எண்டு அத்தான்தான் சொன்னவர்."

அத்தான் பேரின்பநாதன் உடனே வானத்தைப் பார்த்தார். மழை வருமாப் போல இருந்தது. அவரைக் காப்பாற்றும் அளவுக்கு வராது.

நேற்று மகள் தனுஷாவின் கலியாணம். அவள் மண்டபத்தில் போய் இறங்கியது, ஐம்பது வயது தாண்டிய இந்த வெள்ளைக் காரில். கார் அவர்களுடைய கீழ் வீட்டு மடாம் பெலான்ஜேயுடையது. கீழ் வீடு மட்டுமில்லை, அவர்கள் குடியிருக்கும் மேல் வீடும் மடாமுடையதுதான். காலமான கணவர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த காரை, கேட்டதும் மடாம் மறுபேச்சில்லாமல் தந்திருந்தார். இன்று பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். காரோ பக்கத்து நகரமான லவாலில், றெக்ஸ் வீட்டு வாசலில், பழைய றேடியோ இருந்த இடத்தில் ஒரு சின்ன டீவி மாதிரியான புது றேடியோவோடு நின்றது.

றெக்ஸுக்குத் தொழில் உணவகத்தில் சமையல். ஆசை, அடுத்தவர் சாமானைக் கழற்றிப் பார்ப்பது.

"கார்த் திறப்பைத் தரேக்கை மடாம் மனிசி அந்த றேடியோவில கையை வைச்சுப் பெருமூச்சு விட்டதை என்ர கண்ணால கண்டனான்" என்றாள் செல்வமலர். "செத்த மனுசன் கேட்ட றேடியோ. உந்தக் கோலத்தைக் கண்டால் அடுத்த மாசம் நாங்கள் றோட்டில."

பேரின்பநாதன் மனதுக்குள் வாடகைக் கணக்குப் பார்த்தார். அவர்கள் குடியிருந்த நோத்ர-டாம்-த-கிரேஸில் அந்த வாடகைக்கு இப்போது கோழிக்கூடும் கிடைக்காது.

செல்வமலருக்கு வேறொரு கவலையும் இருந்தது. இரவல் விஷயத்தில் அவள் வலு கறார். மடாம் தன் தோட்டத்துத் தக்காளியைக் கிண்ணத்தில் தந்தால், கிண்ணம் வடையோடுதான் கீழே போகும். ஏணி வாங்கியபோது அதன் உடைந்த படியைப் பேரின்பநாதன் புதிதாக அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மழைக்கு வாங்கிய குடைகூடக் கம்பி மாற்றித்தான் திரும்பியது. அப்படியெல்லாம் பேர் எடுத்து வைத்திருந்த குடும்பம் இது.

"பழசு எங்க?" என்று பேரின்பநாதன் கேட்டார்.

"ஜெராட் அண்ணையிட்டைக் குடுத்திட்டன். அவர் பழைய றேடியோ சேக்கிறவர்."

ஜெராட் அடுத்த தெருவில்தான் இருந்தார். றேடியோவைத் திருப்பித் தரச் சொன்னதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் கலியாண வீட்டுக்காரரோடு என்ன சண்டை என்று துணியில் சுற்றித் தந்தார்.

"கவனமா வைச்சிருங்கோ. விடிய விடிய இருந்து வேலை செய்தனான்" என்றார். என்ன வேலை என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

புதியதைக் கழற்றிப் பழையதை வைத்தால், அது பொத்தென்று உள்ளே விழுந்தது. புது றேடியோவுக்காக றெக்ஸ் ஓட்டையைப் பெரிதாக வெட்டியிருந்தான்.

"வெட்டினனியே?" என்று செல்வமலர் கேட்டாள்.

"கொஞ்சம்தான் அக்கா."

கூறைச் சேலை வந்த பெட்டி காரின் பின்பக்கத்தில் கிடந்தது. அதன் அட்டையை வெட்டி றேடியோவைச் சுற்றிச் செருகினார்கள். அட்டை பளிச்சென்று சிவப்பாகத் தெரிந்தது. தனுஷா மறந்துவிட்டுப் போயிருந்த கண்மையை எடுத்துச் செல்வமலரே அதற்குப் பூசினாள். நேற்று மகளுக்குக்கூட அவள் அவ்வளவு பொறுமையாகப் பூசவில்லை.

"இப்ப போட்டுப் பாருங்கோ அத்தான்."

பேரின்பநாதன் றேடியோவின் குமிழைத் திருகினார். ஹோர்ன் அடித்தது. குமிழைத் திருப்பித் திருகினார். ஹோர்ன் இன்னும் பலமாக அடித்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. காரின் முன்கண்ணாடியோரம் நேற்றைய பூமாலை அப்படியே இருந்ததால் எதிர் வீட்டு வெள்ளைக்காரர் கை தட்டி வாழ்த்துச் சொன்னார். பேரின்பநாதன் காதைப் பொத்திக்கொண்டு அவருக்கு "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார்.

றெக்ஸ் ஒரு வயரைப் பிடுங்கினான். ஹோர்ன் நின்று, கண்ணாடி துடைக்கும் தடிகள் ஆடத் தொடங்கின. மாலையிலிருந்த பூவெல்லாம் தெருவில் பறந்தது. இன்னொரு வயரை மாற்றிக் கொழுவினான். எல்லாம் அடங்கியது.

அடங்கிய அந்த அமைதியில், றேடியோவிலிருந்து ஒரு பெண் கணீரென்று பிரெஞ்சில் செய்தி வாசித்தாள். ஒரு இரைச்சல் இல்லை.

மூவரும் ஆளை ஆள் பார்த்தார்கள். ஜெராட் அண்ணை செய்த வேலை என்னவென்று அப்போதுதான் விளங்கியது. மனுசன் அதைத் திருத்தியிருந்தார்.

"கடவுளே, இது அந்தச் சத்தம் இல்லை" என்றாள் செல்வமலர். "மனிசிக்கு உடனே தெரிஞ்சிடும், ஆரோ கை வைச்சிட்டாங்கள் எண்டு."

"திருத்தினதுக்கு ஆரும் கோவிப்பினமே மலர்?"

"நீங்கள் பேசாமல் இருங்கோ. அந்த இரைச்சலுக்குள்ளதான் மனிசி புருசனை நினைக்குது. றெக்ஸ், பழையபடி ஆக்கு."

நல்ல றேடியோவைப் பழுதாக்குவது, பழுதானதைத் திருத்துவதைவிடக் கஷ்டம் என்பது அன்று தெரிந்தது. றெக்ஸ் எதைப் பிடுங்கினாலும் செய்திக்காரி வாசித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஏரியல் வயரைப் பாதி அறுத்துவிட்ட பிறகுதான் கிர்ர் என்ற அந்தப் பழைய இரைச்சல் வந்தது. செல்வமலர் கண்ணை மூடிக் கேட்டாள்.

"கொஞ்சம் கூடிப்போச்சு. ம்ம், இப்ப சரி. இதுதான்."

பெற்றோல் நிரப்பினார்கள். காரைக் கழுவித் துடைத்தார்கள். பின் சீற்றில் பயித்தம் பணியாரமும் முறுக்கும் ஒரு பெட்டி நிறைய வைத்தார்கள். கழற்றிய புது றேடியோவை வீணாக்குவானேன் என்று றெக்ஸ் அதைத் தன் காரிலேயே பூட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

மடாம் பெலான்ஜே வாசலிலேயே காத்திருந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். பலகாரப் பெட்டியைக் கண்டு சிரித்தார். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து, நேரே றேடியோவின் குமிழைத் திருகினார்.

கிர்ர்.

மடாம் றேடியோவின்மேல் கையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். அதே பெருமூச்சு. செல்வமலர் கணவனின் விலாவில் இடித்தாள்.

"பாத்தீங்களே? ஒண்டும் தெரியேல்லை. வீடு தப்பிச்சுது."

பேரின்பநாதனுக்கு நேற்று மகளைத் தாரைவார்த்தபோது வராத கண்ணீர் இப்போது வரப் பார்த்தது.

தெருவில் நின்ற றெக்ஸின் காரிலிருந்து நாதஸ்வரம் தெளிவாகக் கேட்டது. மடாம் அந்தக் காரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கி வந்து, பேரின்பநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்:

"கிண்ணம் தந்தேன், வடையோடு வந்தது. ஏணி தந்தேன், புதுப் படியோடு வந்தது. குடை தந்தேன், புதுக் கம்பியோடு வந்தது. இருபது வருடமாக இரையும் இந்தச் சனியன் பிடித்த றேடியோவும் மாறி வரும் என்றுதானே, மிஸ்யூ நாதன், காரையே தந்தேன்?"