வருணனின் முதலை கரையேறியது தொடர்பாக

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் சான்றிதழ்ப் பிரிவில் ஜோதிலட்சுமிக்கு இருபத்தோரு வருஷ சர்வீஸ். அந்த இருபத்தோரு வருஷத்தில் அவள் வாயில் அதிகம் வந்த வார்த்தை சாமி பெயரும் இல்லை, புருஷன் பெயரும் இல்லை, "சான்று எங்கே?" என்பதுதான். பிறந்தவர்களிடம் பிறந்ததற்குக் கேட்டாள். உயிரோடு எதிரே வந்து நின்றவர்களிடம் உயிரோடு இருப்பதற்குக் கேட்டாள். யார்மீதும் அவளுக்குப் பகை கிடையாது. சான்று இல்லாமல் வருகிறவரைப் பார்த்தால் உண்மையிலேயே பாவமாகத்தான் இருக்கும். பாவப்பட்டுக்கொண்டே திருப்பி அனுப்புவாள்.

2008இல் அவளுடைய ஊரப்பாக்கம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மாட்டிக் கொடுத்தவர் 'திக்பாலா' என்றொரு விளையாட்டையும் அதில் போட்டுவிட்டுப் போனார். எட்டுத் திசைக்கு எட்டுக் காவல் தெய்வங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கோட்டை கட்டி, நெல் சேர்த்து, படை திரட்டி, மற்ற ஏழு பேரையும் தோற்கடிக்க வேண்டும். ஜோதிலட்சுமி வருணனை எடுத்துக்கொண்டாள். ஆறே மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் மூன்று மணி காபிக்கும் நடுவில் இந்திரனின் யானைப் படையைச் சின்னாபின்னமாக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். எல்லாம் வருணனின் முதலையால் வந்த வெற்றி. எதிரி கடலையே பார்த்துக்கொண்டு நிற்பான். முதலை வேறு பக்கமாகக் கரையேறி வந்து கோட்டைக் கதவைக் கடித்துவிடும்.

ஒருநாள் இணையக் கலைக்களஞ்சியத்தில் 'திக்பாலா' பற்றிய தமிழ்க் கட்டுரை அவள் கண்ணில் பட்டது. மொத்தம் நாலே வரி. மூன்றாவது வரி, 'வருணனின் முதலை கடலில் மட்டுமே செல்லும்' என்றது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று மேலே எழுதியிருந்தது. 'கரையிலும் ஏறும்' என்று திருத்தினாள். பத்தாவது நிமிஷம் பழைய வரி திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் 'கடற்கரையான்' என்ற பெயரில் ஒருவர் காரணம் எழுதியிருந்தார்: 'சான்று இல்லை.'

ஜோதிலட்சுமிக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"ஏங்க, என் கண்ணால பாத்தேங்க. வாரா வாரம் ஏறுது!" என்று புருஷன் சதாசிவத்திடம் பொருமினாள். அவருக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை.

"இதோ பார் ஜோதி. அணுவை நான் இதுவரைக்கும் கண்ணால பாத்ததில்ல. ஆனா சான்று இருக்கு. உன் முதலையை நீ பாத்திருக்க. ஆனா சான்று இல்ல," என்றார் சதாசிவம், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் கடற்கரையானிடம் மரியாதையாகவே கேட்டாள்: 'ஐயா, தாங்கள் இந்த விளையாட்டை ஆடியதுண்டா?'

பதில் உடனே வந்தது: 'இல்லை. ஆடியவர்கள் நடுநிலை தவற வாய்ப்புள்ளதால், ஆடுவதைத் தவிர்த்து வருகிறேன்.'

இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? முதலை கரையில் நிற்கும் காட்சியைப் படமாக அச்செடுத்துக்கொண்டு, பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதியுள்ள அதிகாரியைத் தேடினாள். முதலை ஒரு பிராணி என்பதால் பக்கத்து ஊர் அரசு கால்நடை மருத்துவர் கலையரசன்தான் முறையான அதிகாரி என்று அவளே தீர்மானித்தாள்.

கலையரசன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நகலுக்குக் கையெழுத்து வேணும்னா அசலைக் காட்டணும் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

"அசல் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு சார்."

"அப்ப கம்ப்யூட்டரைக் கொண்டாங்க."

நியாயமான பேச்சு. மறுநாள் லீவு போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி, பெட்ஷீட் போர்த்திக் கொண்டுபோனாள். வரிசையில், வயிறு உப்பிய வெள்ளாட்டோடு வேண்டா என்ற விவசாயக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமா, டி.வி.க்கு ஒடம்பு செரியில்லியா?"

"இது முதலைங்க."

வேண்டா ஆட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினாள்.

ஊசி போடும் மேஜையிலேயே கம்ப்யூட்டரை வைத்து ஓடவிட்டார்கள். முதலை கடலிலிருந்து தலையை நீட்டியது, மணலில் ஏறியது, நடந்தது. கலையரசன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "நடை நல்லாயிருக்கு. நொண்டல் இல்ல," என்றார். பிறகு எழுதினார்: 'மேற்படி முதலை என் முன்னிலையில் கரையேறியது எனச் சான்றளிக்கப்படுகிறது. உடல்நிலை திருப்திகரம்.' பச்சைக் கையெழுத்து, வட்ட முத்திரை.

அதைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றும் முன் ஜோதிலட்சுமி முத்திரை தெரிகிறதா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டாள். இருபத்தோரு வருஷமாக அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் ஏன் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்பது ஒரு கணம் புரிந்த மாதிரி இருந்தது. கடற்கரையான் பதில் போட்டதும் அந்தப் புரிதல் போய்விட்டது.

'இது முதல்நிலைச் சான்று. பத்திரிகைச் செய்தி போன்ற இரண்டாம்நிலைச் சான்று தேவை.'

மாலைப் பத்திரிகை நிருபர் செல்வராஜ் செய்திக்காகத் தினமும் அவளுடைய அலுவலகத்துக்கு வருபவர். அவரிடம் டாக்டர் சான்றைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். அவரும் ஒன்றும் விடாமல்தான் எழுதினார். ஆனால் பக்கத்தின் அடியில் ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்துவிட்டதால், செய்தியில் பாதியை வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டிய பாதியில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. மிச்சம் இப்படி வந்தது: 'கடலிலிருந்து கரையேறியது முதலை! அரசு டாக்டர் சான்று. செங்கல்பட்டு பெண் ஊழியர் பரபரப்புத் தகவல்.'

மூன்றாம் நாள் நெம்மேலியிலிருந்து எல்லப்பன் என்ற மீனவர் பத்துப் பேரோடு மனுவும் கையுமாக அலுவலகத்தில் நின்றார்.

"யம்மா, முதல வந்துகினு கீதுன்னு பேப்பர்ல போட்டுகீறான். மூணு நாளா ஒருத்தனும் வலைய எடுக்கல. முட்டுக்காட்டாண்ட டூரிஸ்ட்டுங்க படகுல காலு வெக்க மாட்றானுங்க. ஒரே பேஜாரு."

"நீங்க யாராச்சும் முதலையைப் பாத்தீங்களாண்ணே?"

"கண்ணால பாத்திருந்தா கூட பரவால்லமா, எதுனா கட்டையா இருக்கும்னு போய்டுவோம். இது பேப்பர்ல வந்துகீதே!"

ஜோதிலட்சுமி ஜன்னல் கம்பியருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "அண்ணே, அது கம்ப்யூட்டர் முதலை. நெஜம் இல்ல."

எல்லப்பன் அவளை நிதானமாகப் பார்த்தார். "அதுக்கு எதுனா சான்று கீதாமா?"

அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

மனு கோப்பாகி, மேலே போய், மேலிருந்து கீழே வந்தது. மேலதிகாரி ரவிச்சந்திரன் அவளைக் கூப்பிட்டார்.

"ரெண்டு அறிக்கை போடணும்மா. கடல்ல முதலை இருக்கா, இருந்தா கரையேறுமா, இது முதலாவது. வெளியில தகவல் குடுத்த அந்தப் பெண் ஊழியர் யாரு, இது ரெண்டாவது. ஆள் தெரிஞ்சா சஸ்பெண்ட்தான். நீதான் விவரமான ஆளு, நீயே விசாரிச்சு எழுதிடு."

ஜோதிலட்சுமி கோப்பைப் புரட்டினாள். "சார், முதலையைப் பத்தி என்னன்னு..."

"யோசிச்சுப் பாரும்மா. தண்ணிக்குள்ள இருந்தா மீன் துறை. கரையேறிட்டா நம்ம துறை. நம்மகிட்ட முதலை பிடிக்க ஆள் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அது கரையேறாது."

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். அவள் எழுதியவற்றிலேயே அதுதான் ஆகச் சிறந்த அறிக்கை என்று ரவிச்சந்திரன் பிற்பாடு சொன்னார். 'முதலை கடலில் மட்டுமே சஞ்சரிக்கும் தன்மையது. கரையேறாது' என்பது முதல் பத்தி. 'தகவல் அளித்ததாகக் கூறப்படும் பெண் ஊழியர் என எவரும் இவ்வலுவலகத்தில் இல்லை' என்பது இரண்டாம் பத்தி. தன்னைத் தானே விசாரித்து, தான் இல்லை என்று கண்டுபிடித்தபோது அவளுக்கு ஏற்பட்ட நிம்மதி சொல்லி மாளாது. ரவிச்சந்திரன் கையெழுத்திட்டார். செல்வராஜின் பத்திரிகை அதை ஒரு வரி விடாமல் வெளியிட்டது. அன்றைக்கு விளம்பரம் எதுவும் வரவில்லை.

நெம்மேலியில் படகுகள் இறங்கின. எல்லப்பன் அறிக்கையின் நகலை லேமினேட் செய்து படகின் முகப்பில் கட்டிக்கொண்டார். முதலை வந்தால் காட்டுவதற்காம்.

அடுத்த வாரம் கலைக்களஞ்சியத்தைத் திறந்தாள். கட்டுரை பூட்டப்பட்டிருந்தது, இனி யாரும் திருத்த முடியாது. மூன்றாவது வரி இன்னும் உறுதியாக, 'வருணனின் முதலை கரையேறாது' என்று மாறியிருந்தது. அருகே அடிக்குறிப்பு எண். அதன்மேல் அழுத்தினால் அவளுடைய அறிக்கை, நாளோடும் கோப்பு எண்ணோடும் விரிந்தது.

"அது நான் எழுதினதுங்க!" என்று அலறினாள்.

சதாசிவம் எட்டிப் பார்த்தார். "ரவிச்சந்திரன்னுதானே கையெழுத்து இருக்கு?"

"எழுதினது நான்தாங்க. பொய்யின்னு எனக்குத்தானே தெரியும்!"

"சொல்லிப் பாரேன். ஆனா ரெண்டாவது பத்தியில நீ இல்லன்னு போட்டிருக்கே."

ஜோதிலட்சுமி அறிக்கையை முதல் பத்தியிலிருந்து மறுபடி படித்தாள். நடை நன்றாகத்தான் இருந்தது. ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது. படிக்கப் படிக்க அவளுக்கே அதில் ஒரு நம்பிக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு 'திக்பாலா'வைத் திறந்தாள். யமனின் எருமைப் படை கோட்டையை நெருங்கிவிட்டது. முதலை கடலிலிருந்து தலையை நீட்டி, மணலில் ஏறி, அவள் உத்தரவுக்காக நின்றது. ஜோதிலட்சுமி அதை மறுபடியும் தண்ணீருக்குள் அனுப்பினாள்.

"ஏன் ஜோதி உள்ள விட்டுட்ட? தோத்துடுவியே," என்றார் சதாசிவம்.

எருமைகள் கோட்டைக் கதவை முட்டத் தொடங்கின.

"என்னங்க பண்றது," என்றாள் அவள். "அது கரையேறாதுங்க."