நீல வண்டிக்கு நான் குடுத்த சர்டிபிகேட்

எல்லாரும் வந்தாச்சா? சிரிக்கிறவன் எல்லாம் முன்னாடி வந்து உக்காருங்கடா. நீல வண்டி பானெட் மேல நான் கால் மேல கால் போட்டு உக்காந்த போட்டோவுக்கு "ஓனர் சார், ஓனர் சார்"னு ஹார்ட் மேல ஹார்ட் விட்டீங்களே, உங்களத்தான் சொல்றேன். இந்தக் கூத்துல உங்களுக்கும் பங்கு இருக்கு. என் பங்கு எவ்வளவுன்னு கேளுங்க.

என் வீட்டுக்காரி லாண்ட்ரி வெச்சிருக்கா. அந்த லாண்ட்ரில நான் என்ன பண்றேன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. போன மாசம் அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி துணி வெளுக்கற காண்ட்ராக்ட் கெடச்சுது. ஆபரேஷன் தியேட்டர் விரிப்பு, நோயாளிங்க போர்வை, எல்லாம். ஒரே ஒரு கண்டிஷன். விடியறதுக்குள்ள வெளுத்த துணி அங்க போய்ச் சேரணும். ஒரு நாள் தவறினாலும் காண்ட்ராக்ட் காலி. அதுக்காக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கணும்னு சொன்னா.

"வண்டி மேட்டரா? என்கிட்ட விடு. நான் மெக்கானிக்கல் படிச்சவன்."

"முடிச்சவரா?"

"படிச்சவன்னுதான் சொன்னேன்."

டீசல் என்ஜின் பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வாரம்தான் நான் காலேஜுக்கு முழுக்குப் போட்டேன். அதை இன்னும் அவகிட்ட சொல்லல.

"சரி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் டிரைவர். உங்களுக்கும் ஒரு வேலைன்னு ஆகட்டும்"னா. சொல்லும்போது அவ மூஞ்சில ஒரு நம்பிக்கை தெரிஞ்சுது பாருங்க. அதை நெனச்சா இப்பவும் சோறு எறங்க மாட்டேங்குது.

பழைய வண்டி விக்கிற புரோக்கரை உங்களுக்குத் தெரியும். வாயத் தொறந்தா சத்தியம் பண்ணுவாரு. அதனால பேரே 'சத்தியம்'. அவர் ஷெட்டுல ரெண்டு பிக்கப் நின்னுச்சு. ஒண்ணு வெள்ளை. சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி. டர்போ கெடையாது, ஒரு எழவும் கெடையாது. இன்னொண்ணு நீலம். டர்போ, யானைக்கால் டயர், நெத்தில வரிசையா லைட்டு, ஹாரன் அடிச்சா அரைப் பாட்டு. பாத்த ஒடனே என் மூளை நியூட்ரலுக்குப் போயிடுச்சு.

சத்தியம் என் காதுல மட்டும் சொன்னாரு. "மாப்ள, நீலம் காலைல மட்டும் கொஞ்சம் இருமும். சூடாயிட்டா சிங்கம், சத்தியமா!"

எங்களுக்குக் காலைல மட்டும்தான் வண்டியே வேணும். அது எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சும் போய் போட்டோ எடுத்தேன்.

அப்புறம் ஒரு வாரம் வீடியோவாப் பாத்துத் தள்ளிட்டு வீட்ல லெக்சர் ஆரம்பிச்சேன். "டீசல் என்ஜின்ல ஸ்பார்க் பிளக்கே கெடையாது, தெரியுமா? காத்த அமுக்கு அமுக்குன்னு அமுக்கி, அந்தச் சூட்டுலயே டீசலப் பத்த வெச்சுடும்."

"நான் உங்கள வேலைக்குக் கெளப்பற மாதிரி."

"அதேதான்!"

"அமுக்கற தெம்பு போயிட்டா? குளிர்ல கெளம்பாதுல்ல?"

"நீலத்துக்கு அந்தப் பேச்சே இல்ல. வெள்ளைதான் கெழம்."

ஞாயித்துக்கிழமை விடிகாலைல வந்து பாக்கறேன்னு சொன்னா. நான் அவளுக்கு முன்னாடியே ஷெட்டுக்கு ஓடினேன். சாவி போட்டா, நீலம் இருமலா இருமுது. கொசு மருந்து அடிச்ச மாதிரி வெள்ளைப் பொகை. நாலு அதட்டு அதட்டி, நல்லா சூடேத்தி நிறுத்தினேன். பானெட்டத் தொட்டுப் பாத்துடுவாளேன்னு ரெண்டு பக்கெட் தண்ணி வேற ஊத்தினேன். அறிவுடா! அறிவு!

சால்வையப் போத்திக்கிட்டு வந்தா. நேரா நீலத்து மேல கைய வெச்சா.

"ஈரமா இருக்கே?"

"நீ வர்றேன்னு குளிப்பாட்டினேன்."

குனிஞ்சு அடியில பாத்தா. என்ஜினுக்கு நேர் கீழ ஷெட்டுப் பூனை கை கால நீட்டித் தூங்குது.

"ஏங்க, ரெண்டு வண்டி நிக்குது. பூனை இதுக்கடியில போய்ப் படுத்திருக்கு."

"பாத்தியா! வாயில்லா ஜீவனுக்கே தரம் தெரியுது!"

"ஆமா. இந்தக் குளிர்ல எது சூடா இருக்கும்னு பூனைக்குத் தெரியாதா?"

சத்தியம் தலையத் தூக்கி ஷெட்டுக் கூரை ஓட்டையே எண்ணிக்கிட்டு இருந்தாரு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க சொன்னா நம்பறேன்"னா. கோவம் ஏற ஏற அவளுக்கு மரியாதையும் ஏறும். "ராத்திரி பூரா குளிர்ல நின்னா, காலைல ஒரே சாவில இது கெளம்புமாங்க?"

"கெளம்பும்."

"நான் வர்றதுக்கு முன்னாடி நீங்க ஓட்டிச் சூடேத்தலையேங்க?"

"உன் மேல சத்தியமா இல்ல."

சத்தியமே என்னைத் திரும்பிப் பாத்தாரு.

அவ சால்வைக்குள்ளேருந்து ஒரு சாவிய எடுத்தா. வெள்ளை வண்டி சாவி.

"இதை நேத்தே வாங்கிட்டேன். நேத்து விடிகாலைல வந்து ரெண்டையும் கெளப்பிப் பாத்தாச்சு. அது இருமிச்சு. இது கெளம்பிச்சு."

"யோவ் சத்தியம், என்கிட்ட சொல்லவே இல்லியே!"

"சொல்லக் கூடாதுன்னு தங்கச்சி சத்தியம் வாங்கிடுச்சு மாப்ள. ஒண்ணையாவது காப்பாத்துவோம்னு..."

"அப்ப இன்னிக்கு எதுக்குடி வந்த?" "வண்டியத்தான் பாத்தாச்சே?"

"இன்னிக்கு டிரைவரைப் பாக்க வந்தேன்."

சொல்லிட்டு வெள்ளை வண்டில ஏறினா. லாரி ஓட்டினவர் பொண்ணு, ஓட்டத் தெரியாமலா இருக்கும்? ஒரே சாவி. கெளம்பிடுச்சு.

இப்ப தெனமும் அவதான் ஓட்டறா. முன் சீட்டுல மடிச்ச துணி. பின்னாடி மூட்டைங்களோட மூட்டையா நான். முதல் நாள் ஆஸ்பத்திரி கேட்டுல செக்யூரிட்டி டார்ச் அடிச்சு, "பின்னாடி யாரும்மா?"ன்னான்.

"லோடுங்க"ன்னா.

வெள்ளையோ நீலமோ, ரெண்டு என்ஜினும் உள்ளதத்தான் சொல்லிச்சு. நீலம் குளிர்ல கெளம்பாத வண்டின்னு எனக்கு நல்லாவே தெரியும். அங்க ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஆளுங்க துணிக்குக் காத்துக் கெடப்பாங்கன்னும் தெரியும். தெரிஞ்சேதான் அவ தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன்.