உடும்பு அட்டையும் காலி டப்பாவும்

ஒரு காட்டில் சடுகுடு என்றால் சோறு தண்ணீர் மறக்கிற மிருகங்கள் வாழ்ந்தன. அங்கே பெத்தபெருமாள் என்ற கரடி மிட்டாய்க்கடை வைத்திருந்தது. ஒரு புளிப்பு மிட்டாய் வாங்கினால், காட்டு அணி வீரர் ஒருவரின் படம் போட்ட அட்டை இலவசம். ஏழு வீரர்களின் அட்டையையும் சேர்த்துக் கொண்டுவந்தால் சைக்கிள் பரிசு என்று கடை வாசலில் எழுதிப் போட்டிருந்தது. மிட்டாய் தின்று பல் போனவர்கள் உண்டு. சைக்கிள் ஓட்டிப் போனவர் எவரும் இல்லை. ஆறு வீரர்கள் எல்லோருக்கும் கிடைத்தார்கள். ஏழாவது ஆளான மாடக்கண்ணு உடும்பு மட்டும் பக்கத்துக் காட்டில் யாருக்கோ கிடைத்ததாகப் பேச்சோடு சரி.

குப்பாண்டி என்ற முள்ளம்பன்றி சின்ன வயதிலேயே ஆறு அட்டை சேர்த்துவிட்டது. ஏழாவதுக்குக் காத்திருந்ததில் கிழடாகிவிட்டது. சைக்கிள் ஆசை எப்போதோ போய்விட்டது. தான் ஏறினால் டயர் என்ன ஆகும் என்று அதற்கே தெரியும். சேகரிப்போர் சங்கத்தின் கண்காட்சியில் ஏழு அட்டைகளையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, கீழே தன் பெயரைப் போட்டுவிட வேண்டும். இனி உயிரோடு இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம். சட்டம் வளைக்குள் தயாராகத் தொங்கியது, முன்பல் விழுந்த வாய் மாதிரி.

குப்பாண்டிக்கு ஒரு குறை. சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் கோபம் வந்தாலும் முதுகு முள் நட்டுக்கொள்ளும். ஏலத்துக்குப் போகிறவனுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. சிங்காரம் என்ற நரி அதை வைத்தே பிழைத்தது. நரிக்குப் பழைய சாமான் பற்றி ஒன்றும் தெரியாது. சாமானை அது திரும்பிக்கூடப் பார்க்காது. குப்பாண்டியின் முதுகைத்தான் பார்க்கும். முள் எழுந்தால் விலையை ஏற்றி அந்தச் சாமானைத் தானே எடுத்துவிடும்.

ஒருநாள் பெத்தபெருமாள் கரடி செத்துப்போனது. வாரிசு இல்லாததால், வேலப்பன் என்ற குரங்கு கரடி வீட்டுச் சாமான்களைக் கலந்துகட்டி மூட்டைகளாக்கி ஏலம் போட்டது. பிரித்துப் பார்க்கக் கூடாது, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது விதி.

குப்பாண்டி விடிந்ததுமே போய்ச் சுற்றி வந்தது. மூன்றாவது மூட்டையில் ஒரு கிழிசல். உள்ளே ஓட்டைக் குடை, நசுங்கிய தூக்குவாளி. இரண்டுக்கும் நடுவே மஞ்சள் விளிம்பு போட்ட ஒரு மூலை. மூலையில் ஒரு வால் நுனி. உடும்பு வால்! குப்பாண்டி புதருக்குப் பின்னால் ஓடிப்போய், முள் அடங்கும்வரை மண்ணில் புரண்டது.

ஏலம் தொடங்கியபோது அது முதுகில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

"என்ன அண்ணே, சாக்கு?" என்றது சிங்காரம்.

"ஜலதோஷம்டா."

"ஜலதோஷத்துக்கு ஈரச் சாக்கா?"

"எங்க பரம்பரை வைத்தியம். உனக்கு வந்தா உன் வழியில பாத்துக்க."

முதல் மூட்டை வந்தது. பழைய மிக்ஸி, அறுந்த செருப்பு, என்னென்னவோ வெளியே துருத்திக்கொண்டிருந்தன. குப்பாண்டி சாக்கை நழுவவிட்டு, கண்ணை மூடிச் சிறுத்தையை நினைத்துக்கொண்டது. முள் அத்தனையும் ஈட்டி ஈட்டியாக நின்றன.

நரிக்குக் கை கால் ஓடவில்லை. "ஒரு கூடை கிழங்கு!" என்றது. குப்பாண்டி "ரெண்டு" என்றது. நரி தன் குகையிலிருந்த கிழங்கு முழுவதையும் தருவதாக ஏலம் கேட்டுவிட்டது.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்றது வேலப்பன்.

மூன்றாவது மூட்டை வந்தபோது நரியிடம் கேட்க ஒன்றுமில்லை. சாக்குக்குள் முதுகு குத்திக் குடைந்தாலும் குப்பாண்டி முகத்தைத் தூக்கக் கலக்கம்போல வைத்துக்கொண்டு, அரைக்கூடைக் கிழங்குக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது.

சங்கத்துக்குப் போனால் அங்கே வேறு விதி. "தவமணி அம்மாள் முத்திரை இருக்கா? இல்லாட்டா போலின்னுதான் எழுதுவோம்" என்றார்கள்.

தவமணி அம்மாள் ஒரு வெள்ளாடு. பழைய அட்டைகளை அசலா போலியா என்று சொல்ல அந்தக் காட்டில் அது ஒன்றுதான். அதன் கொட்டகைக்கு முன்னால் வரிசை நீண்டது. குப்பாண்டி டோக்கன் வாங்கி வெயிலில் நின்றது. உள்ளே போன மிருகங்கள் ஏனோ பேயறைந்த மாதிரி திரும்பி வந்தன. கேட்டால் நிற்காமல் நடந்தன. அசல் முத்திரை கிடைத்த திகைப்பு என்று குப்பாண்டி நினைத்துக்கொண்டது.

தவமணி அம்மாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அந்தக் காலத்து அட்டைன்னா அரிசிக் கஞ்சிப் பசை இருக்கணும். இப்ப வர்ற போலியில அது கிடையாது."

"அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்கம்மா?"

"இப்படித்தான்" என்று அட்டையை வாயில் போட்டது. மென்றது. கண்ணை மூடி இன்னும் கொஞ்சம் மென்றது. விழுங்கியது. "அசலேதான்! சந்தேகமே வேண்டாம். அடுத்த டோக்கன்!"

பிறகு ஒரு காலி பிளாஸ்டிக் டப்பாவை மூடி, 'மாடக்கண்ணு உடும்பு, அசல்' என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தது.

குப்பாண்டி வெளியே வந்து நின்றது. ஒரு வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த அட்டை ஒரு வெள்ளாட்டின் வயிற்றில் இருந்தது. கோபத்தில் குப்பாண்டியின் முள் வானத்தைப் பார்த்து எழுந்தது. அதுவரை அப்படி எழுந்ததே இல்லை.

வரிசையின் கடைசியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சிங்காரம் முதுகைப் பார்த்தது. டப்பாவைப் பார்த்தது. மறுபடி முதுகைப் பார்த்தது.

"அண்ணே, அந்த டப்பாவை எனக்குக் கொடுத்துருங்க!"

"போடா அந்தாண்ட! இதுல ஒண்ணுமே இல்லடா!"

"அப்படிச் சொல்றப்பவே தெரியுதே. அன்னைக்கு எடுத்த மூட்டையை நான் பிரிக்கவே இல்லண்ணே. பிரிக்காத மூட்டைக்கு மவுசு அதிகம்னு வச்சிருக்கேன். அதையும் எடுத்துக்குங்க, வரப்போற மழைக்கால கிழங்கு முழுக்க உங்களுக்குத்தான்."

குப்பாண்டிக்கு வாதாடத் தெம்பில்லை. டப்பாவைக் கொடுத்துவிட்டு மூட்டையை இழுத்துக்கொண்டு வளைக்குப் போனது. செருப்பைத் தூக்கி எறிந்தது. மிக்ஸியின் ஜாடி மூடி திறக்க மறுத்ததால் தரையில் ஒரு போடு போட்டது.

ஜாடியிலிருந்து மாடக்கண்ணு உடும்பு சரிந்து விழுந்தது. அதன்மேல் இன்னொரு மாடக்கண்ணு. அதன்மேல் இன்னும் ஒரு குவியல். சைக்கிள் கொடுக்காமல் தப்பிக்க, கரடி ஆயுசு முழுக்க ஏழாவது அட்டையை மட்டும் பொறுக்கி எடுத்து ஒளித்து வைத்திருந்தது.

குப்பாண்டியின் முள் எழுந்த வேகத்தில் வளையின் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது.

இப்போது அந்தக் காட்டின் கண்காட்சியில், நடுவாக, பூமாலை போட்டு, சிங்காரத்தின் காலி டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன. கிழங்கு தீர்ந்துபோகிற சமயமெல்லாம் குப்பாண்டி ஒரு அட்டையோடு போய்த் தவமணி அம்மாளிடம் டோக்கன் வாங்குகிறது. டப்பாவோடு வெளியே வந்து, கண்ணை மூடிச் சிறுத்தையை நினைத்துக்கொள்கிறது. நரி ஓடி வருகிறது.

வளைக்குள் தொங்கும் சட்டத்தில் ஏழு பேரும் இருக்கிறார்கள். கீழே குப்பாண்டி என்று பெயரும் இருக்கிறது. வந்தவர்கள் ஏழாவதைப் பார்த்து, "இது அசலா?" என்று கேட்டால், குப்பாண்டி சிரித்துக்கொண்டே சொல்கிறது:

"சேச்சே, படு போலி. சும்மா அழகுக்கு மாட்டியிருக்கேன்."

நீதி: பிடித்தமான பொருள் உன்னிடமே இருக்க வேண்டுமானால், அதைப் போலி என்று ஊரெல்லாம் சொல்லி வை. அசலை எல்லாம் ஆடு தின்றுவிடும்.