பேண்ட் மடிப்பில் ஒரு ட்ரம்பெட்

சாப்பாட்டுப் பையோடு தையல் கடைக்குள் நுழைந்த மனைவி மூக்கைச் சுருக்கினாள்.

“என்னங்க, வினிகர் பாட்டில் எதையாவது கொட்டித் தொலைச்சீங்களா?”

“இல்லையே. இது சங்கீதம்,” என்றார் தையல்காரர்.

“சங்கீதமா?”

“சங்கீதத்தோட வாசனை.”

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொல்வதில் பாதி அவளுக்குப் புரிந்ததில்லை. மீதியைப் புரிந்துகொள்ள அவள் முயற்சி செய்ததும் இல்லை. பையை வைத்துவிட்டு மேசையை எட்டிப் பார்த்தாள். துணி வெட்டும் மேசையின் நடுவில் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. அதற்குள் பழுப்பு நிறத்தில் ஒரு டேப் சுருள். அந்தக் காலத்து டேப்புக்கு வயசானால் வினிகர் வாடை அடிக்குமாம்.

அந்தச் சுருளுக்காகத் தையல்காரர் ஒன்பது வருஷம் அலைந்திருந்தார்.

பதினேழு வயதில், பழைய சாமான் கடையில் ஒரு இசைத்தட்டின் உறையைப் பார்த்ததில் ஆரம்பித்தது எல்லாம். உறையில் பதினாறு பேர், பதினாறு நீலக் கோட்டு. ஒரு தோள்பட்டையில்கூடச் சுருக்கம் இல்லை. அந்தத் தையலுக்காகத்தான் வாங்கினார். வீட்டுக்கு வந்து தட்டைச் சுழல விட்டதும் கோட்டு மறந்துபோயிற்று. நீலக் கோட்டு ஜாஸ் குழு, அவர் பிறப்பதற்கு முன்பே கலைந்துபோன குழு, அன்று மத்தியானம் ஜன்னல் வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு போய், சாயங்காலம்தான் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

அவர்கள் வெளியிட்ட பன்னிரண்டு தட்டுகளும் இப்போது அவரிடம் இருந்தன. ஆனால் தட்டில் ஒரு பாட்டுக்கு மூன்று நிமிஷம்தான். சூடு பிடிக்கும் நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். மேடையில் அதே பாட்டைப் பதினான்கு நிமிஷம் வாசிப்பார்களாம். அப்படி ஒரே ஒரு கச்சேரி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானது. நிலையத்தில் அந்தப் பதிவை அழித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு வானொலி வாரப் பத்திரிகையில் வந்த இரண்டு வரி விமர்சனம்: “அரங்கில் பாதி நாற்காலி காலி. கைதட்டல் மரியாதைக்குத்தான்.” மூன்றே மாதத்தில் குழு கலைந்துவிட்டது.

பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டரும் தட்டு சேர்ப்பவர். அவர் சேர்ப்பது வேறொரு குழுவை. அந்த இரண்டு வரியை அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

“உங்க ஆளுங்க நல்லாத்தான் வாசிச்சாங்க. கேக்கத்தான் ஆள் வரல,” என்பார், பேண்ட்டுக்கு அளவு கொடுக்கும்போதெல்லாம்.

அப்போது தையல்காரர் வாயில் குண்டூசிகள் இருக்கும். பதில் சொல்ல முடியாது. ஊசிகளை எடுத்த பிறகும், போட்டுக் காட்ட அவரிடம் அந்தக் கச்சேரி இல்லை.

போன மாதம் அதே பத்திரிகையின் வேறொரு இதழில், வாசகர் கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. “அந்தக் கச்சேரியை நான் என் டேப் மெஷினில் பிடித்து வைத்திருக்கிறேன்.” பெயர் இருந்தது, தெரு இருந்தது. வீட்டு எண் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்குப் போய்க் கதவு கதவாகத் தட்டினார்.

“யாரு?”

“நான் தையல்காரருங்க. ஒரு விஷயமா...”

அதற்கு மேல் யாரும் பேச விடவில்லை. “நல்ல நேரத்துல வந்தீங்க, கொஞ்சம் இருங்க,” என்று உள்ளே போய், உயரம் குறைக்க வேண்டிய பேண்ட்டோடு வந்தார்கள். ஜாஸைத் தேடிப் போனவர் அன்று ஒன்பது பேண்ட்டோடு திரும்பினார்.

மூன்றாவது ஞாயிறு, கடைசிக்கு முந்தின வீட்டில் கதவைத் திறந்தது மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. தனியாக இருந்தார்.

“எங்க அப்பா டேப்பா?” என்று அவரை உள்ளே கூப்பிட்டார். பிறகு பரண் மேலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினார். “எங்க மெஷின் ரிப்பேராகிப் பல வருஷமாச்சு. இது ஓடுமா?”

“நான் ஓட வைக்கிறேங்க.”

“ஓடுச்சுன்னா என்னையும் கூப்பிடுங்க.”

அந்த டப்பாதான் இப்போது மேசைமேல் இருந்தது.

“மொதல்ல இந்த நாத்தம் போகணும். கஸ்டமர் வர்ற இடம்,” என்றாள் மனைவி.

தையல்காரர் டேப்பைச் சுருளிலிருந்து பிரித்துக் கடையின் குறுக்கே கொடி கட்டித் தொங்கவிட்டார். காற்றில் அது மினுமினுத்தபடி மெல்ல ஆடியது. பதினான்கு நிமிஷச் சங்கீதம் தலைக்கு மேலே அலையலையாகத் தொங்குவதைப் பார்த்தபடி அவர் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையிலேயே அழகான மணி நேரம் அது.

வாடை கொஞ்சம் குறைந்தது. ஆனால் டேப், சீவிய பென்சில் தோல் மாதிரி சுருண்டுகொண்டது.

சுருக்கம் என்றால் தையல்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மேலே மெல்லிய துணி போட்டு, பட்டுக்கு வைக்கிற சூட்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு இஸ்திரி போட்டார். டேப் சமர்த்தாகப் படிந்தது. கையில் எடுத்தபோது காய்ந்த சருகு மாதிரி முறிந்தது. ஒரு இடத்தில் இல்லை; எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு துண்டு.

அவர் அழவில்லை. கறுப்புத் துணியை விரித்து, துண்டுகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்கட்டியால் எண் போட்டார். பிறகு ரேடியோ ரிப்பேர் செய்யும் மச்சானை, மனைவியின் தம்பியை, கூட்டிவர ஓடினார்.

மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து மச்சானோடு திரும்பி வந்தபோது துணிமேல் எண்கள் எல்லாம் இருந்தன. ஆறு இடங்களில் டேப் இல்லை.

“இங்க இருந்தது எங்க?” என்று காலி இடங்களைத் தொட்டுக் காட்டினார்.

“எது, அந்தப் பழுப்பு நாடாவா?” மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். “பேண்ட் மடிப்புல உள்ள வெச்சுத் தைக்க நாடா தீந்துபோச்சு. அதான் எடுத்தேன். மூணு பேண்ட் முடிச்சு அனுப்பிட்டேன். மட்டமான நாடாங்க, மொடமொடன்னு இருக்கு. இனிமே அந்தக் கடையில வாங்காதீங்க.”

மச்சான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “ஒரு காலுக்கு நாலு வினாடி மாமா. மூணு பேண்ட்டுல இருபத்திநாலு வினாடி வெளிய நடமாடிக்கிட்டிருக்கு.”

“எந்த எடம்?”

மச்சான் எண்களைப் பார்த்தார். “ட்ரம்பெட் முடியிற எடம்னு நெனைக்கிறேன்.”

தையல்காரர் செருப்பை மாட்டாமலே கிளம்பினார்.

முதல் பேண்ட்டின் சொந்தக்காரர் அதை மாட்டிக்கொண்டு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தார். அலுவலக வாசலில் தையல்காரர் மூன்று மணி நேரம் நின்றார். வெளியே வந்த இளைஞர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“வேலை கெடச்சிருச்சுண்ணே! ராசியான பேண்ட்!”

“அதைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்க தம்பி.”

“உயிரே போனாலும் குடுக்க மாட்டேன்.”

கடைசியில், புதுக் கோட்டு ஒன்று தைத்துத் தருவதாகத் தையல்காரர் ஒப்புக்கொண்டபின், தன்னை அங்கேயே படிக்கட்டில் உட்கார வைத்து மடிப்பை மட்டும் பிரித்துக்கொள்ள இளைஞர் சம்மதித்தார்.

இரண்டாவது பேண்ட் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தையல்காரர் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடைதான் சுத்தமாகப் போயிருந்தது.

மூன்றாவது பேண்ட் பல் டாக்டருடையது.

உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். டாக்டர் குனிந்து குடைந்துகொண்டிருந்தார்.

“டாக்டர், உங்க பேண்ட் வேணும்.”

“இப்பவா?”

“இப்பவே.”

பெரியவர் படுத்தபடியே கண்ணை மட்டும் உருட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னய்யா, அளவு தப்பாயிருச்சா?”

“அளவு சரியாத்தான் இருக்கு. உங்க பேண்ட் கால்ல ட்ரம்பெட் இருக்கு.”

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். தையல்காரர் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. வாயில் பஞ்சோடு கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், இஸ்திரி போட்ட இடத்தில் ஐயோ என்பதுபோல் ஏதோ முனகினார்.

“தர்றேன். ஆனா நானும் வந்து கேப்பேன்,” என்றார் டாக்டர். “இத்தனை வருஷமா படிச்சதுதான். காலி நாற்காலிச் சத்தத்தைக் காதால கேட்டதில்ல பாருங்க.”

மச்சான் இரண்டு நாள் உட்கார்ந்து முப்பத்தேழு துண்டையும் ஒட்டினார். ஒட்டி முடித்த அன்று, அவர் தன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய டேப் மெஷினின் மோட்டார் உயிரை விட்டது.

“இந்த மாடலுக்கு மோட்டார் எங்கயும் கெடைக்காது மாமா.”

தையல்காரர் கடையைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய கண் காலால் மிதிக்கும் தையல் மெஷினில் போய் நின்றது. அதன் வாரைக் கழற்றி, டேப் மெஷினின் சக்கரத்தில் மாட்டினார்கள். மிதித்தால் சுற்றியது.

ஞாயிறு மத்தியானம் கடையின் கதவைச் சாத்திவிட்டு ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். மனைவி, மச்சான், பல் டாக்டர், மருந்துக் கடை அம்மா. ஐந்தாவது ஆள் மிதிபலகையில் கால் வைத்திருந்தார்.

மிதிக்க ஆரம்பித்தார்.

முதலில் ஒரு உறுமல். பிறகு எங்கோ ஒரு கதவு திறந்த மாதிரி சாக்ஸபோன்கள் வந்தன. பதினாறு பேரும் நீலக் கோட்டோடு, துணிக்கட்டுகளுக்கு நடுவே, ஜன்னலில் விழுந்த வெயிலில் மிதந்துகொண்டு வந்து நின்றார்கள். ஒட்டு விழுந்த இடங்களில் லேசாக விக்கல் எடுத்தது. யாருக்கும் அது தெரியவில்லை. ஆனந்தம் தாங்காமல் தையல்காரரின் கால் வேகம் பிடித்தது. குழுவும் அவரோடு சேர்ந்து ஓடியது.

“மெல்ல மிதிங்க. அவங்களுக்கு மூச்சு வாங்குது,” என்றாள் மனைவி. அவள் இதுவரை அந்தக் குழுவைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

பதின்மூன்றாவது நிமிஷத்தில் ட்ரம்பெட் எழுந்தது. பேண்ட் மடிப்புகளில் ஊர் சுற்றிவிட்டு வந்த அந்த ட்ரம்பெட், ஏறிக்கொண்டே போய், உச்சியில் ஒரு கணம் எதையோ நினைத்துக்கொண்டது போல நின்று, மெல்ல இறங்கி முடிந்தது.

அடுத்த நொடி கொந்தளித்தது கைதட்டல். படபடவென்று, ஆயிரக்கணக்கில், காதை நிறைத்தது. அடங்குவது போல் கொஞ்சம் அடங்கி, முன்னைவிடப் பெரிதாகப் பொங்கியது. மறுபடி அடங்கி, மறுபடி பொங்கியது. டேப் தீரும்வரை ஓயவே இல்லை.

பல் டாக்டர் தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தார்.

“பாதி நாற்காலி காலின்னு எழுதினவன் பொய்யன்யா,” என்று சொல்லித் தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சிருங்க. நாற்காலி இல்லாம நின்னிருப்பாங்க போலிருக்கே.”

டேப் தீர்ந்த பிறகும் தையல்காரரின் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் மருந்துக் கடை அம்மாவின் கன்னத்திலும் கண்ணீர்.

“உங்க அப்பா பெரிய காரியம் பண்ணிட்டுப் போயிருக்காரும்மா. பதினாறு பேரோட மானத்தைக் காப்பாத்திட்டாரு.”

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த எடத்தை மட்டும் இன்னொரு தடவை போடறீங்களா?”

“ட்ரம்பெட்டா?”

“இல்ல. அதுக்கு அப்புறம் வருமே.”

“கைதட்டலா! இதோ, போட்டுட்டேன்.” தையல்காரர் துள்ளியெழுந்து டேப்பைப் பின்னுக்குச் சுற்றினார், உட்கார்ந்தார், மிதித்தார். கடை மறுபடி நிறைந்து வழிந்தது.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்பல்லாம் ரேடியோ எங்க சமையக்கட்டுலதான் இருந்துச்சு, அப்பா அதுக்கு முன்னாடி மைக் வெச்சுத்தான் புடிச்சாரு. இது கைதட்டல் இல்லீங்க, எங்கம்மா மீன் வறுக்கிற சத்தம்.”