ஒன்றேகால் மணி நேரத் தூரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நான் நலம். என் மகளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் நலமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. அடுத்த மாதம் பிரசவத்துக்கு அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் அழுததாகப் போனில் சொன்னீர்கள். வர இயலாது. காரணம் நீங்கள்தான்.

அவளைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குக் கூட்டிப்போகும்போது என்ன சொன்னீர்கள்? "தொள்ளாயிரம் கிலோமீட்டர்னு பயப்படாதீங்க மாமா, பிளைட்டுல ஒண்ணேகால் மணி நேரந்தான்." பஸ் கண்டக்டராகவே காலம் தள்ளியவன் நான். யாராவது நேரம் சொன்னால் நம்பிவிடுவேன். போன முறை எட்டு மணி விமானம் என்றதும் மகளிடம், "ஒம்பதரைக்கெல்லாம் வந்துடுவேன், டிபன் சூடா இருக்கட்டும்" என்று பெருமையாகச் சொல்லியும் விட்டேன். அந்த எட்டு மணிக்கு விடியுமுன்னே வீட்டைப் பூட்ட வேண்டும் என்று நீங்கள் மூச்சு விடவில்லை. நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், பேண்ட்டை ஒரு கையில் பிடித்தபடி வரிசையில் நின்றேன். ஏறி உட்கார்ந்தால் வண்டி நகரவில்லை. எல்லோரும் ஏறியாயிற்று, படியில் ஒருவரும் தொங்கவில்லை, பிறகென்ன என்று பணிப்பெண்ணைக் கேட்டால், "சிக்னல் வரணும் சார்" என்று சிரித்தாள். அதுதானா விஷயம் என்று சட்டைப்பையிலிருந்த பழைய விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினேன். இரண்டு ஊதினால் புறப்படலாம் என்பது எந்த டிரைவருக்கும் தெரியும். நகர்ந்ததே! என்னை இறக்கிவிடத்தான் நகர்ந்தது.

விசாரித்து, விசிலை வைத்துக்கொண்டு, மதிய விமானத்தில் ஏற்றினார்கள். அது ஒன்றேகால் மணி நேரத்தில் உங்கள் ஊருக்கு வந்தது உண்மை, மறுக்கவில்லை. ஊருக்கு மேலே வந்தது. கீழே இடமில்லை என்று சுற்றினான், சுற்றினான், எனக்குத் தலை சுற்றும்வரை சுற்றினான். "கொஞ்சம் ஸ்லோ பண்ணுப்பா, இறங்கிக்கிறேன்" என்று வாய்வரை வந்துவிட்டது. அப்புறம் நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வர, பறந்ததைவிட இரண்டு மடங்கு நேரம்.

இருட்டிய பிறகு வந்து சேர்ந்தேன். மகள் காலை டிபனை மூடி வைத்து, தானும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணேகால் மணி நேரந்தானேப்பா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அது கேலியாகப் படவில்லை. நாளைக்கு அவளுக்கு வலி எடுத்து, அப்பா என்று கூப்பிட்டு, நான் இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தால் யாருக்கு என்ன பிரயோசனம்? ஆகவே வரமாட்டேன். இதுதான் என் முடிவு.

மகளுக்கு என் ஆசீர்வாதம் முழுவதும். மிச்சமிருந்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: தபாலில் போட்டால் நாலு நாளாகும் என்றார்கள். வலி எடுத்த பிறகு கிளம்பினால்தானே தாமதம் என்றும் தோன்றியது. அதனால் கடிதத்தை நானே கொண்டுவந்துவிட்டேன், பஸ்ஸில். வழியில் வண்டி பழுதாகி ஒரு பகல் முழுக்க நின்றது. அதை அவளிடம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டு காலிங்பெல் வேலை செய்யவில்லை. கதவுக்கு அடியில் இதைத் தள்ளுகிறேன். சீக்கிரம் படித்து முடியுங்கள், பெட்டி கனக்கிறது.