ஜமுக்காளத்துக்கு அடியில் கங்கை

2003ஆம் ஆண்டுக் கோடை. பெங்களூரு பொம்மனஹள்ளியில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. அந்தக் காற்றோடு, நிலத்தடி நீரோட்டம் பார்த்துச் சொல்லும் கோதண்டராமனும் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். கீழே தண்ணீர் இருந்தால் அது எழுந்து நிற்குமாம். அங்கே போர்வெல் போட்டுத் தண்ணீர் வந்தால் தேங்காயின் மகிமை; வராவிட்டால் வீட்டுக்காரர் செய்த பாவம். எவ்வளவு வசதியான தொழில் பாருங்கள்!

தெருவுக்குப் பொதுவான போர்வெல்லுக்கு இடம் பார்க்கத் தெருவே அவர் பின்னால் ஓடியது. தேங்காய் எழுந்து நின்ற இடம், கார்மென்ட்ஸில் தைக்கும் வள்ளியம்மாவின் சமையலறை.

"கீழே கங்கை ஓடுது. இடிச்சிடுங்க!"

கூட்டம் கடப்பாரை தேடியது. இடிபடுவது அடுத்தவர் சுவர் என்றால் பக்தி தானாகப் பொங்கும்.

"ஆறு வருஷம் ஓவர்டைம் பாத்துக் கட்டினதுண்ணா," என்று பக்கத்து வீட்டு தாஸிடம் அழுதாள் வள்ளியம்மா.

தாஸ் கோலார் தங்கவயலில் இருபது வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். "அவ்ளோ ஆழம் போயிருக்கேன்மா, ஒரு கங்கையும் பாக்கல. பாறை வெடிப்புலதான் தண்ணி கசியும். அது தேங்காய்க்கு எப்படித் தெரியும்? இரு, கேட்டுடலாம்."

கோதண்டராமனைத் தன் வாசலுக்கு அழைத்து, ஜமுக்காளத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"சாமி, ஓடுற தண்ணி மட்டும்தான் தெரியுமா?"

"ஓடுறது, தேங்கினது எல்லாம் தெரியும். ஒரு சொம்பு இருந்தாலே எழுந்திடும்!"

"அப்ப இங்கயும் பாத்துடுங்க. வேணும்னா என் வீட்டை இடிச்சிக்கலாம்."

கோதண்டராமன் ஜமுக்காளத்தின்மேல் நாலு நடை நடந்தார். தேங்காய் சுகமாகத் தூங்கியது.

"சுத்த வறட்சி. ஆயிரம் அடி போனாலும் புழுதிதான்!"

தாஸ் ஜமுக்காளத்தைச் சுருட்டினார். அடியில் தரைக்குள் இருந்த சம்ப் தொட்டியின் மூடியைத் தூக்கி, வாளியை விட்டு மொண்டார். காலையில் டேங்கர் நிரப்பிய தண்ணீர், விளிம்பு வரை.

கூட்டம் வாளியைப் பார்த்தது. பிறகு கோதண்டராமனைத் தேடியது. அவர் தேங்காயைப் போட்டுவிட்டு ஓசூர் ரோடு பஸ்ஸில் ஏறியிருந்தார்.

"அப்ப போர் எங்கண்ணா போடறது?" என்றான் கடப்பாரையோடு நின்ற ஹரிஷ்குமார்.

"நிலத்தடி நீர் படிச்சவங்க இருக்காங்கப்பா. தரையில கம்பி அடிச்சு கரண்ட் விட்டு அளப்பாங்க. தண்ணி இருக்கிற வெடிப்புல கரண்ட் சுலபமாப் போகும், காஞ்ச பாறையில லேசுல போகாது. அவங்களும் தப்பலாம். ஆனா உன் பாவம்னு சொல்ல மாட்டாங்க."

அன்று மாலை, இடிபடாத சமையலறையில் வள்ளியம்மா அந்தத் தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தாள். தேங்காய்க்கு அதன் வேலை கிடைத்துவிட்டது. கழுத்துக்கு மேலே இருப்பதற்கு எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?