புதியவர்களுக்கு ஏற்ற எளிய வேலை

கடைசிக் கோளாற்றையும் தீர்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் மனைவியை அழைத்துவரப் போவது என்று நிபால்தோ சபதம் எடுத்தான். எடுத்த கையோடு, அடுப்புக் கம்பியில் காயப்போட்டிருந்த குழந்தையின் ஒற்றைக் காலுறையை எடுத்து முகர்ந்தும் பார்த்தான். சபதத்தில் பாதி அங்கேயே கரைந்தது.

சண்டைக்குக் காரணம் வேறொருத்தி இல்லை. இருந்திருந்தால் மனைவி யாஸ்னா அவளை ஒரே வாரத்தில் துரத்தியிருப்பாள். காரணம் ஒரு ஃபிரேம்வொர்க். உலகத்தில் யார் யாரோ இணையதளம் கட்ட இலவசமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள். அதில் வரும் 'பக்' என்னும் கோளாறுகளைச் சரிசெய்யும் தொண்டர்களில் நிபால்தோவும் ஒருவன். சம்பளம் கிடையாது, புகார் மட்டும் உண்டு. ஃபின்லாந்தில் எவனுக்கோ ஒரு பொத்தான் அமுங்கவில்லை என்றால் வால்திவியாவில் இவனுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது. சொந்தக் குழந்தை வீறிட்டால் மட்டும், "இதோ, ஒரே ஒரு பக்" என்பான்.

"ஊரான் பொத்தானெல்லாம் அமுக்கி முடி. முடிச்சதும் வந்து எங்களக் கூட்டிட்டுப் போ" என்று குழந்தை ரயேனைத் தூக்கிக்கொண்டு, தீவில், காஸ்த்ரோவில் இருக்கும் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள் யாஸ்னா.

அவனும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தான். ஒன்றைத் தீர்த்தால் இரண்டு முளைத்தது. வெளியே மழை. சாயங்காலத் தேநீருக்குக் கை தானாக இரண்டு கோப்பை எடுத்தது. இரண்டையும் அவனே குடித்தான். இரண்டாவது எப்போதும் ஆறிப்போயிருந்தது.

அப்போதுதான் எல்லாரும் பார்க்கும் புகார்ப் பக்கத்தில் 'ஈரக்குடை' என்ற பெயரில் ஒரு புகார் வந்தது. முறைப்படி, எல்லாத் தலைப்பும் நிரப்பி:

எதிர்பார்த்தது: வால்திவியா பஸ்ஸிலிருந்து கணவர் இறங்குவது.
நடந்தது: இறங்கவில்லை.
மீண்டும் நிகழச் செய்ய: குழந்தையோடு ஜன்னலில் நிற்கவும். பஸ் வரும். போகும்.

நிபால்தோ சிரித்தான். பிறகு மூக்கைத் துடைத்தான். பிறகு மானம் வந்து தோளில் உட்கார்ந்தது. 'எங்கள் பக்கம் இந்தக் கோளாறு தென்படவில்லை' என்று எழுதிப் புகாரை மூடினான்.

உடனே அது மறுபடி திறந்தது. 'எங்கள் பக்கம் தென்படுகிறது. தினமும்.'

அதோடு போகவில்லை. தொண்டர்களுக்கெல்லாம் தலைவி, பிரேசில்காரி ஜுரேமா, அந்தப் புகாரின் தலையில் ஒரு சீட்டு ஒட்டினாள்: 'புதியவர்களுக்கு ஏற்ற எளிய வேலை.' புதிதாக வருகிற யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று அர்த்தம்.

நிபால்தோ ஃபோனில் பாய்ந்தான். "அக்கா! என் குடும்ப விஷயம் உங்களுக்கு எளிய வேலையா?"

"பஸ் ஏறணும். இறங்கணும். இதுல என்ன தம்பி கஷ்டம்?"

"என் கையில இன்னும் எத்தன பக் இருக்கு தெரியுமா?"

"நான் வந்த நாள்லேருந்து இருக்கு. நான் செத்தாலும் இருக்கும். உன் பொண்ணு அதுவரைக்கும் தவழ்ந்துக்கிட்டே இருப்பாளா?"

அவன் ஃபோனை வைப்பதற்குள் திரையில் புதிதாக ஒருவர் முளைத்தார். பெயர் 'தெற்குக்காற்று'.

'வணக்கம்! இதை யாராவது செய்கிறார்களா? இல்லையென்றால் நான் எடுத்துக்கொள்ளலாமா? காஸ்த்ரோவிலேயே இருக்கிறேன். ஆர்வமாக இருக்கிறேன்.'

ஃபின்லாந்துக்காரன் கட்டைவிரல் தூக்கி வாழ்த்தினான்.

அடுத்த நிமிடம் நிபால்தோ தெருவில் இருந்தான். காலில் வீட்டுச் செருப்பு. கையில் குடை இல்லை. பஸ்ஸைச் சுமந்துகொண்டு படகு நீரிணையைக் கடந்தபோது மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவன் மட்டும் நின்றான், நின்றால் சீக்கிரம் போய்விடும் என்பதுபோல.

காஸ்த்ரோவில் கதவைத் திறந்தது யாஸ்னா. இடுப்பில் ரயேன். அவன் இருவரையும் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எங்க அவன்?"

"எவன்?"

"அதான், அந்தத் தெற்குக்காற்று!"

"முன்னாடிதான நிக்குது. நல்லாப் பாத்துக்கோ."

"நீயா?"

"பின்ன? நான் தவிக்கிறேன்னு எழுதினா, மூடிட்ட. வேற ஒருத்தன் சரி பண்ண வர்றான்னதும் வீட்டுச் செருப்போட ஓடி வர்ற."

"நேரா ஒரு வார்த்த, வான்னு சொல்லியிருக்கலாமே யாஸ்னா."

"சொல்லலையா? இவ பொறந்ததுலேருந்து சொல்றேன். நீ திரையப் பாத்துக்கிட்டே தலையாட்டுவ." குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்கக் குழந்தையை அவன் கையில் திணித்தாள்.

ரயேன் அவனை அந்நியனைப்போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஈரத் தாடியைப் பிடித்து இழுத்தாள். நிபால்தோவுக்கு வலித்தது. இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும் என்றிருந்தது.

இவ்வளவு தூரம் வந்ததற்குப் புகாரைத் தன் கையாலேயே, தன் பெயரிலேயே முடித்துவைக்க வேண்டாமா? குழந்தையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு ஃபோனை எடுத்தான்.

புகார் முடிந்திருந்தது. கீழே எழுதியிருந்தது:

'சரிசெய்தவர்: தெற்குக்காற்று.'